கோல்ஃப் போட்டி: பார்ப்பதும் படம் எடுப்பதும்

கோல்ஃப் நடந்து பார்க்க வேண்டிய விளையாட்டு. கிரிக்கெட்டைப் போல ஓரிடத்தில் உட்கார்ந்தால் முழு ஆட்டமும் கண்ணில் படாது. பதினெட்டுக் குழிகளும் ஆறேழு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால், எங்கே எந்த நேரத்தில் நிற்பது என்று முந்தின இரவே முடிவு செய்துகொண்டு போகிறவருக்குத்தான் ஆட்டமும் கிடைக்கும், படமும் கிடைக்கும்.

பெரிய போட்டிகள் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும். நாளொன்றுக்கு 18 குழிகள், மொத்தம் 72. முதல் இரண்டு நாளும் வீரர்கள் மூவர் மூவராகப் போவார்கள். பாதிப் பேர் முதல் குழியிலும் மீதிப் பேர் பத்தாவது குழியிலும் தொடங்குவது வழக்கம். வெள்ளி மாலையோடு ‘கட்’ விழும். ஐரோப்பியத் தொழில்முறைத் தொடரான டிபி வேர்ல்டு டூர் போட்டிகளில் பொதுவாக முதல் 65 இடங்களும் அவற்றோடு சமநிலையில் இருப்பவர்களும் மிஞ்சுவார்கள். இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பி.ஜி.டி.ஐ.யின் போட்டிகளில் இந்த எண்ணிக்கை 50. சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் இருவர் இருவராக ஆடுவார்கள், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியாகக் கிளம்புவார்கள். வீரர்களை நெருக்கத்தில் பார்க்க ஆசைப்படுபவர் வியாழக்கிழமை போவது நல்லது. பரிசு யாருக்கு என்ற பரபரப்பு வேண்டுமானால் ஞாயிறுதான். படம் எடுப்பவருக்கோ இவை எல்லாவற்றையும்விடச் செவ்வாய், புதன் கிழமைகளின் பயிற்சி நேரமே சிறந்தது. அந்த நாட்களில் கெடுபிடி குறைவு, வீரர்களும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது

நம் தென்காசி, குற்றாலம் பகுதியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பக்கத்தில் இருப்பது கேரளத்தில்தான். செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழிகள் கொண்ட பழைய மைதானம் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தது. பெரிய போட்டிகளுக்கு அது போதாது. ஆனால் முதல் அடி அடிக்கும் டீ, நடுப் புல்வெளியான ஃபேர்வே, மணல் பள்ளமான பங்கர், குழி இருக்கும் கிரீன் என்பவை எப்படி இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்று நேரில் பார்த்துப் பழக அது போதும். கிளப்பின் இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போக வேண்டும். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இதைவிடத் தொலைவு. ஆனாலும் மலைச்சரிவில் 18 குழிகளையும் பார்க்கக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் தொழில்முறைப் போட்டிக்கான இடம் சென்னை நந்தனத்தில் இருக்கும் காஸ்மோ–டி.என்.ஜி.எஃப். மைதானம். பி.ஜி.டி.ஐ. போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் சென்னை. மெட்ரோவில் நந்தனம் நிலையத்தில் இறங்கினால் மைதானம் அருகிலேயே. 2006இல் உருவான பி.ஜி.டி.ஐ.க்கு 2024 முதல் கபில் தேவ் தலைவர். இந்தப் போட்டிகளில் இந்தியர்களோடு இலங்கை, வங்கதேச வீரர்களும் ஆடுகிறார்கள். இலங்கையின் என். தங்கராஜா, கே. பிரபாகரன் இருவரும் இந்த வட்டத்தில் நன்கு அறியப்பட்டவர்கள். பி.ஜி.டி.ஐ. போட்டிகளுக்குக் கூட்டம் அதிகம் வராது. கோல்ஃப் படம் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. உலகப் புகழ் வீரரை நூறு தலைகளுக்குப் பின்னால் நின்று எடுப்பதைவிட, ஒரு தங்கராஜாவை ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று எடுப்பது எத்தனையோ மேல்.

உலகின் முன்வரிசை வீரர்களைப் பார்க்க டெல்லிக்குத்தான் போக வேண்டும். இந்திய ஓபன் 1964இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வென்றார், அடுத்த ஆண்டு பட்டம் பில்லூ சேத்திக்கு. 2017 முதல் இது டெல்லியை ஒட்டிய குருகிராமில் கேரி பிளேயர் வடிவமைத்த டி.எல்.எஃப். மைதானத்தில் நடக்கிறது. 2024இல் ஜப்பானின் கெய்டா நகாஜிமாவும் 2025 மார்ச் இறுதியில் ஸ்பெயினின் யூஜெனியோ சக்காராவும் வென்றார்கள். பெண்களுக்கான இந்திய ஓபனும் அதே மைதானத்தில்தான். 2025 அக்டோபரில் அதைச் சிங்கப்பூரின் ஷானன் டான் வென்றார். அதற்கு அடுத்த வாரமே, அக்டோபர் 16 முதல் 19 வரை, டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப். ரோரி மெக்கில்ராய், விக்டர் ஹோவ்லாண்ட், ஷேன் லோரி எல்லாரும் வந்த அந்தப் போட்டியில் இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட் 22 அண்டர் (நிர்ணயித்த அடிகளைவிட 22 குறைவு) அடித்துக் கோப்பையை வாங்கினார்.

நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்புபவருக்கு, கன்னியாகுமரியிலிருந்து வாரம் இருமுறை போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வசதி. அது ஹஸ்ரத் நிஜாமுதீனில் போய் நிற்கும், அங்கிருந்து டெல்லி கோல்ஃப் கிளப் சில கிலோமீட்டர்தான். தென்காசிக்காரருக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம். ஒரு எச்சரிக்கை: 2025இல் போட்டி முடிந்த மறுநாள் தீபாவளி. அக்டோபர் போட்டிக்குப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு நுழைவுச்சீட்டைப் பற்றி யோசிப்பது புத்திசாலித்தனம்.

கேமராவை உள்ளே கொண்டுபோக முடியுமா

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போய், வாயிலிலேயே கேமராப் பையை ஒப்படைத்துவிட்டு நிற்பவர்கள் நிறைய. விதி போட்டிக்குப் போட்டி மாறும். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் பயிற்சி நாட்களில் மட்டும் கேமரா கொண்டுபோகலாம், போட்டி நாட்களில் கூடாது. கைப்பேசிக்கோ எந்த நாளிலும் அனுமதி இல்லை. மற்ற பல போட்டிகளில் கைப்பேசியை ஒலியடக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம், ஆனால் லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவைப் போட்டி நாட்களில் விடமாட்டார்கள். நுழைவுச்சீட்டின் பின்னாலோ இணையதளத்திலோ இருக்கும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். பி.ஜி.டி.ஐ. போட்டி என்றால் கிளப் அலுவலகத்துக்கு முன்னதாகவே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வது மரியாதை.

பத்திரிகைக்காக எடுப்பவர் ஊடக அனுமதி பெற வேண்டும். பத்திரிகை ஆசிரியரின் கடிதத்தோடு சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்தவருக்குக் கைப்பட்டையோ மேலங்கியோ தருவார்கள். அதை அணிந்தவர், பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு உள்ளே நடக்கலாம். அதற்காக ஃபேர்வேயின் நடுவில் நடக்கக் கூடாது. கயிற்றை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே போக வேண்டும். வீரர் அடிக்கும்போது குனிந்து மண்டியிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நிற்பவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலர் வைத்த சட்டை, தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணி போதும். தமிழ்நாட்டில் வேட்டி கட்டி வந்தவரைக் கிளப் வாசலில் தடுக்கக் கூடாது என்று 2014இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் கேமராவோடு பத்துக் கிலோமீட்டர் நடந்து, இடையிடையே மண்டியிட வேண்டியவருக்குக் கால்சட்டைதான் சௌகரியம். பளீரென்ற வெள்ளையும் மின்னும் நிறங்களும் வேண்டாம், வீரரின் ஓரக்கண்ணில் படும்.

எங்கே நிற்பது

வலக்கை ஆட்டக்காரர் தன் இடது தோள் இலக்கை நோக்கி இருக்குமாறு நிற்பார். அவர் நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கக் கயிற்றில் நின்றால்தான் முகம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் முதுகும் தொப்பியின் பின்பக்கமும்தான். இடக்கை ஆட்டக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். இந்தியாவின் தீக்ஷா டாகர் இடக்கை ஆட்டக்காரர். அவர் இருக்கும் குழுவோடு நடப்பவர், மற்ற இருவருக்கு ஒரு பக்கம், அவருக்கு மறுபக்கம் என்று டீயில் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அதையும் அடுத்தவர் பந்தருகே போய் நிற்பதற்குள் செய்து முடிக்க வேண்டும்.

அடித்து முடித்ததும் வீரரின் உடல் இலக்கை நோக்கித் திரும்பிவிடும். எனவே டீக்கு நேராக நிற்பதைவிட ஐந்தாறு மீட்டர் முன்னே தள்ளி நின்றால், அடியின் முடிவில் முக்கால் முகம் கிடைக்கும். அதற்கு மேல் முன்னே போவது ஆபத்து. தப்பாக அடிபடும் பந்து வலக்கை ஆட்டக்காரருக்கு வலது பக்கமாகப் பறக்கலாம், படம் எடுப்பவர் நிற்பதும் அந்தப் பக்கம்தான். 2018 ரைடர் கோப்பையில் டீயிலிருந்து பறந்து வந்த பந்து பட்டு, பார்வையாளர் ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. “ஃபோர்!” என்ற எச்சரிக்கைக் கூச்சல் கேட்டால் பந்து எங்கே என்று நிமிர்ந்து தேடக் கூடாது. தலையைக் கைகளால் மூடிக் குனிந்துவிட வேண்டும்.

வீரர்களோடு கூடவே நடப்பது ஒரு வழி, ஓரிடத்தில் நின்று வருகிறவர்களை எல்லாம் பார்ப்பது இன்னொரு வழி. முதல் முறை போகிறவருக்கு இரண்டாவதே நல்லது. மைதான வரைபடத்தில், ஒரு குழியின் கிரீனும் அடுத்த குழியின் டீயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் சூரியன் வரும்படி நின்றுகொண்டால், இரண்டு மணி நேரத்தில் முப்பது வீரர்களுக்கு மேல் கடந்து போவார்கள். குட்டையான பார்–3 குழி இன்னும் வசதி, டீயும் கிரீனும் ஒரே இடத்திலிருந்து தெரியும்.

மைதானத்தின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லி கோல்ஃப் கிளப்பில் ஃபேர்வேக்கள் மிகக் குறுகல், இரு பக்கமும் புதர்க்காடு. 2025இல் மெக்கில்ராய் அங்கே நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுக்கப்போவதில்லை என்று போட்டிக்கு முன்பே சொல்லிவிட்டார். அவருடைய பிரம்மாண்டமான டிரைவர் வீச்சைப் படம் பிடிக்க டீயில் காத்திருந்தவருக்கு இரும்பு மட்டையின் சுருக்கமான வீச்சுதான் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே வேறு செல்வம் உண்டு. பழைய கல்லறை மாடங்கள் மைதானத்துக்குள்ளேயே நிற்கின்றன, மயில்கள் நடமாடுகின்றன. உலகத்தின் எந்தப் புல்வெளியிலும் எடுக்கக்கூடிய ஒரு படத்தை அங்கே போய் எடுத்து வருவதில் பயனில்லை. மாடத்தின் முன்னால் நடந்து போகும் வீரரின் படம், அது எடுக்கப்பட்ட ஊரைத் தானே சொல்லும்.

எப்போது அழுத்துவது

வீரரின் மட்டைகளைச் சுமக்கும் கேடி பையைக் கீழே வைக்கிறார். இருவரும் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். வீரர் கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே வீசிப் பார்க்கிறார். பந்துக்குப் பின்னால் நின்று தொலைவை ஒரு பார்வை பார்க்கிறார். ஒன்றிரண்டு ஒத்திகை வீச்சு. இதுவரை கேமரா தாராளமாக இயங்கலாம், புல் வீசும் கணம் நல்ல படமும்கூட. அடுத்து அவர் பந்தருகே வந்து பாதங்களை ஊன்றுகிறார். இந்த நொடியிலிருந்து பந்து அடிபடும் ஓசை கேட்கும் வரை எதுவும் அசையக் கூடாது. கேமரா ஒலி மட்டுமல்ல, பையின் வெல்க்ரோ பிரிக்கும் சத்தம், குடை விரியும் சத்தம், நகரும் நிழல் எல்லாமே குற்றம். 2002இல் அமெரிக்காவின் ஸ்கின்ஸ் போட்டியில், டைகர் உட்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது படம் எடுத்தவரின் கேமராவை உட்ஸின் கேடி பறித்துக் குளத்தில் போட்டார். கேடி செய்தது சரியல்ல. ஆனால் நடு வீச்சில் கேட்கும் ஒரு ‘கிளிக்’ ஒரு மனிதரின் ஒரு வாரப் பிழைப்பையே கெடுக்கும் என்பதை அந்தச் சம்பவம் எல்லாருக்கும் புரியவைத்தது.

மட்டை மேலே போக முக்கால் விநாடி, கீழே வர கால் விநாடி. முன்னணி வீரரின் டிரைவர் முனை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வரும். பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். விநாடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவிலும் அந்தக் கால் விநாடிக்குள் ஐந்து படம்தான் விழும், அவற்றில் ஒன்றில் பந்தும் மட்டையும் சேர்ந்திருப்பது அதிர்ஷ்டம். அதைத் துரத்திக்கொண்டே நாளைக் கழிப்பது வீண்.

படம் எடுப்பவருக்குச் சொந்தமான நேரம் அடிக்குப் பின்னால் வருவது. டிரைவர் அடித்த பந்து ஆறேழு விநாடி காற்றில் இருக்கும். மட்டை தோளுக்குப் பின்னால், உடல் முழுதும் திரும்பி, கண் பந்தின் பின்னே போகும். பந்து சரியாகப் போனால் மட்டையைக் கையில் சுழற்றிக்கொண்டே நடக்கத் தொடங்குவார். தப்பினால் ஒரு கை மட்டையை விட்டுவிடும், முகம் சுளிக்கும், கை பந்து போகும் திசையைக் காட்டும். அந்த ஆறு விநாடியில் வீரரின் மனம் திறந்து கிடக்கும். கிரீனிலும் அப்படியே. பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங் அடி பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பந்து குழி விளிம்பில் தயங்கும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்பதில்தான் படம் இருக்கிறது. லென்ஸைக் குழியின் மேலிருந்து எடுத்து முகத்தின் மேல் வைத்திருக்க வேண்டும்.

கேடியை விட்டுவிடக் கூடாது. பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓபனை வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியா கொல்கத்தா மைதானமொன்றில் புல்வெளி பராமரித்தவரின் மகன். இந்திய கோல்ஃபின் வரலாற்றில் பாதி, பை சுமந்தவர்களும் புல் வெட்டியவர்களும் எழுதியது. பையின் வாரை ஒரு தோளிலும் ஈரத் துண்டை மறு தோளிலும் போட்டுக்கொண்டு நடக்கும் அவர்களுக்கும் படத்தில் இடம் வேண்டும்.

கருவியும் அமைப்பும்

தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் 70–200 லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். கயிற்றிலிருந்து டீ, கிரீன் இரண்டுக்கும் எட்டும். ஃபேர்வேயின் நடுவில் நிற்பவருக்கு 400 வேண்டும். அதை வாங்காமல் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பதே மேல். மூன்று கால் தாங்கி பார்வையாளர் பகுதியில் மற்றவர்களுக்கு இடைஞ்சல். ஃபிளாஷ் எந்த நிலையிலும் கூடாது, கைப்பேசியில் அது தானாக எரியாதபடி அணைத்துவிட வேண்டும்.

மட்டை வீச்சைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/2000க்குக் கீழே போகக் கூடாது. அந்த வேகத்திலும் டிரைவர் முனை இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/4000இல் அதில் பாதி. முகத்துக்கு 1/1000 போதும். தொப்பி விளிம்பின் நிழல் முகத்தில் விழுவது கோல்ஃப் படத்தின் நிரந்தரத் தொல்லை. வெளிச்ச அளவை முக்கால் படி கூட்டிக்கொண்டால் கண்கள் தெரியும், புல் கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை. நண்பகலைவிடக் காலை முதல் குழுக்களும் மாலைக் கடைசிக் குழுக்களும் நல்லவை, சாய்ந்த வெயில் தொப்பிக்கு அடியில் நுழையும்.

மிரர்லெஸ் கேமராவின் ஓசையற்ற மின்னணு ஷட்டர் கோல்ஃபுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒரு குறை உண்டு. பல கேமராக்களில் அது படத்தை வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் மட்டை நகர்ந்துவிடுவதால் நேரான தண்டு வில்லாக வளைந்து பதியும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9–3 போல, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் படிக்கும் கேமராவில் இந்தக் கோளாறு இல்லை, விலைதான் அதிகம். மிரர் உள்ள கேமராவோ, ஓசை எழுப்பும் ஷட்டரோ வைத்திருப்பவர் பந்து அடிபட்ட பிறகுதான் அழுத்த வேண்டும். அப்படியும் நல்ல படங்கள் கிடைக்கும் என்பதற்கு இத்தனை ஆண்டுப் பத்திரிகைப் படங்களே சாட்சி.

ஊரிலேயே பழகுவது

பங்கரிலிருந்து அடிக்கும்போது எழும் மணல், கோல்ஃபில் மிக அழகான காட்சி. அதைப் பழகக் குற்றாலத்து அருவி போதும். ஆட்கள் குளிக்காத ஓரத்தில், பாறையில் மோதித் தெறிக்கும் நீரை 1/60, 1/500, 1/2000 என மூன்று வேகங்களில் எடுத்துப் பார்க்கலாம். முதலாவதில் நீர் திரையாகவும், மூன்றாவதில் துளித்துளியாகவும் பதியும். மணலும் இப்படித்தான். துகள்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 1/2000, ஒரு வீச்சாகத் தெரிய வேண்டுமானால் 1/500. குளிப்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சீசனில் சாரலிலேயே கேமராவைப் பிடித்துப் பழகலாம், போட்டியும் மழைக்காகச் சட்டென்று நிற்பதில்லை. மழையுறை, லென்ஸ் மூடி, உலர்ந்த பருத்தித் துணி மூன்றும் பையில் இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் லென்ஸை ஈரப்பையிலேயே விட்டுவைத்தால் குற்றாலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

நகரும் குறியைப் பின்தொடர நடவு வயலின் கொக்குகள் நல்ல ஆசிரியர்கள். கொக்கு எழும்பப் போவதை அதன் கழுத்து முன்கூட்டியே காட்டிவிடும். அந்த முன்னறிவிப்பைப் படிக்கப் பழகிய கண், கோல்ஃப் வீரரின் தோள் அசைவையும் படிக்கும். மாலையில் பள்ளி மைதானங்களில் நடக்கும் வாலிபால் ஆட்டத்தில், பந்தை விட்டுவிட்டு முகங்களை மட்டும் எடுத்துப் பழகலாம்.

படம் எடுத்த பிறகு

ஒரு நாளில் ஆயிரம் படங்கள் சேர்ந்துவிடும், எல்லா வீரரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு குழு கடந்து போனதும் அவர்களுடைய பெயர் எழுதிய பலகையையோ, கேடியின் முதுகில் இருக்கும் பெயரையோ ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு குழப்பம் வராது. அன்றைய குழு அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். படத்தோடு வீரரின் பெயர், நாடு, எத்தனையாவது சுற்று, எந்தக் குழி, தேதி ஆகியவற்றை அன்றிரவே கோப்பில் எழுதிவிட வேண்டும். பார்வையாளர் சீட்டில் நுழைந்தவர் எடுத்த படங்களைப் பல போட்டிகள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. அவற்றை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ கொடுப்பதற்கு முன் சீட்டின் நிபந்தனையைத் திரும்பப் பார்த்து, தேவையானால் போட்டி அமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.